ஹேலோ 4 கால் ஆஃப் டூட்டியைக் காப்பியடித்ததா?

ஹேலோ என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் தொடரின் ஹேலோ 4, 2012 நவம்பர் 6 அன்று வெளியானது. ஆன்லைனில் முதல் ஆட்டத்துக்குள் நுழைந்த பழைய ஆட்டக்காரர்களுக்கு அந்தத் திரையே அந்நியமாக இருந்தது. எந்தத் துப்பாக்கி, துணைக்கு எது, எந்த வகை கிரனேடு, கூடுதல் திறன் என்ன என்று களத்தில் கால் வைப்பதற்கு முன்பே ஆளாளுக்குத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. எல்லோருக்கும் ஸ்பிரிண்ட், அதாவது வேகமெடுத்து ஓடும் வசதி, இருந்தது. செத்தால், நம்மைச் சுட்டவர் எங்கிருந்து எப்படிச் சுட்டார் என்று கில்கேம் திரும்பக் காட்டியது. அடுத்தடுத்து ஆட்களை வீழ்த்தினால் வானத்திலிருந்து ஆயுதப் பெட்டி வந்து விழுந்தது. ஐந்து வருடமாக இதையெல்லாம் மக்கள் வேறொரு விளையாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் பெயர் கால் ஆஃப் டூட்டி. காப்பி என்ற குற்றச்சாட்டு முதல் வாரத்திலேயே கிளம்பிவிட்டது. இன்றும் ஹேலோ ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் அந்தப் பேச்சு எப்படியாவது வந்துவிடுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹேலோ 4 எடுத்தது, நிறையவே எடுத்தது. ஆனால் ஒரு விளையாட்டு இன்னொன்றிடமிருந்து எடுப்பதைக் குற்றமாக நான் பார்க்கவில்லை. எடுத்தவற்றை வைப்பதற்காக எதை நகர்த்தினார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. பலர் சேர்ந்து மோதும் ஹேலோவின் மல்டிபிளேயர் எதன்மேல் நின்றதோ, சரியாக அந்த இடத்தில் கை வைத்தார்கள். அது விளங்க வேண்டுமானால், பழைய ஹேலோ எப்படி ஓடியது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

நான் ஹேலோவைக் கற்றுக்கொண்டது கல்லூரி விடுதியில். முதல் ஹேலோ 2001 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலோடு வந்தது. எங்களில் யாரிடமும் எக்ஸ்பாக்ஸ் கிடையாது. 2003-இல் கணினிக்கு வந்தபோது இலவச டிரையல் ஒன்றையும் கொடுத்தார்கள். அதில் மல்டிபிளேயருக்கு இருந்தது ஒரே ஒரு மேப், அதாவது சண்டைக்களம்: பிளட் கல்ச். இரண்டு முனையிலும் இரண்டு கோட்டை, நடுவில் பெரிய பள்ளத்தாக்கு. நாலைந்து கணினிகளை ஒரு ஸ்விட்ச்சில் இணைத்து, அந்த ஒரே மேப்பை இரவு முழுக்க ஆடினோம். சலிக்கவில்லை. ஏன் சலிக்கவில்லை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது.

பல்லாங்குழியில் இரண்டு பேரும் ஒரே எண்ணிக்கைச் சோழிகளோடுதான் உட்காருகிறார்கள். எந்தக் குழியில் அள்ளுகிறோம், எங்கே போய் முடிகிறோம் என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது. ஹேலோவும் அப்படித்தான். களத்தில் இறங்கும்போது எல்லோர் கையிலும் ஒரே துப்பாக்கி, ஒரே எண்ணிக்கையில் கிரனேடு, எல்லோருக்கும் ஒரே வேகம், குண்டைத் தாங்க ஒரே அளவு ஷீல்டு. ஸ்னைப்பர், ராக்கெட் லாஞ்சர், எதிரி கண்ணுக்குத் தெரியாமல் செய்யும் கேமோ, கூடுதல் ஷீல்டு போன்ற பெரிய சரக்கெல்லாம் மேப்பில் குறிப்பிட்ட இடங்களில் கிடக்கும். ஒருவர் எடுத்துவிட்டால், குறிப்பிட்ட நேரம் கழித்துத் திரும்பவும் அங்கேயே தோன்றும்.

இந்த ஏற்பாட்டுக்குள்ளேதான் எல்லாம் இருந்தது. நன்றாக ஆடுகிறவர்கள் மனதுக்குள் கடிகாரத்தை ஓடவிடுவார்கள். ராக்கெட் திரும்ப வர இன்னும் இருபது நொடி இருக்கிறது என்றால், அணி முழுக்க அந்தப் பக்கம் நகரத் தொடங்கும். எதிரணிக்கும் அந்தக் கணக்கு தெரியும். யாரும் வற்புறுத்தாமலேயே இரண்டு அணியும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் மோதும். ஹேலோ 3-இல் வந்த தி பிட் மேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் பார்த்ததுபோல் இரண்டு பாதியும் சமம். நடுவில் இருக்கும் ஆயுதத்துக்கு இரண்டு அணிக்கும் ஒரே தூரம். யார் முந்துகிறார், யார் பின்னால் நின்று காவல் காக்கிறார், யார் கிரனேடு போட்டு வழியை அடைக்கிறார் என்பதுதான் அங்கே வெற்றி தோல்வியை முடிவுசெய்யும்.

இன்னொன்று, ஹேலோவில் ஒருவரைக் கொல்ல நேரம் எடுக்கும். ஹேலோ 3-இன் பேட்டில் ரைஃபிள் ஒரு அழுத்தலுக்கு மூன்று குண்டு சுடும். அப்படி நான்கு முறை சுட வேண்டும். முதல் மூன்றில் ஷீல்டு உடையும், நான்காவது தலையில் பட வேண்டும். அதனால் முதுகில் சுடப்பட்டவருக்கும் திரும்பிச் சண்டை போட ஒரு வாய்ப்பு இருக்கும். குதிக்கலாம், தூணுக்குப் பின்னால் ஒதுங்கலாம், கிரனேடு எறியலாம், பக்கத்தில் வந்தால் துப்பாக்கியைத் திருப்பி அடிக்கலாம். சண்டை என்றால் இரண்டு பேருக்கு நடுவில் நடக்கும் ஒரு சின்ன உரையாடல் மாதிரி இருந்தது.

சரி, கால் ஆஃப் டூட்டிக்கு வருவோம். ஹேலோ 3 வெளியானது 2007 செப்டம்பர் 25. இன்ஃபினிட்டி வார்டு உருவாக்கிய கால் ஆஃப் டூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர் நவம்பர் 5. இடையில் ஆறு வாரம்கூட இல்லை. அந்த ஆறு வாரத்தில் ஷூட்டர் விளையாட்டுகளின் போக்கே மாறியது. மூன்று நான்கு குண்டு பட்டால் ஆள் காலி. முதலில் பார்த்தவர் ஜெயிப்பார். சண்டை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவதால், சண்டைக்கு முன்னால் நாம் செய்யும் ஆயத்தம் பெரிய விஷயமாகிறது. அதனால்தான் அங்கே கிளாஸ் என்ற ஏற்பாடு கச்சிதமாகப் பொருந்தியது. எனக்குப் பிடித்த துப்பாக்கி, அதன்மேல் பிடித்த ஸ்கோப், பெர்க் என்ற கூடுதல் சலுகைகள் மூன்று. சீக்கிரம் ரீலோட் செய்ய ஒரு பெர்க், அதிக தூரம் ஓட ஒன்று, இரண்டு பெரிய துப்பாக்கி வைத்துக்கொள்ள ஒன்று. சாகாமல் மூன்று பேரைக் கொன்றால் எதிரிகள் இருக்கும் இடம் ரேடாரில் தெரியும், ஐந்து பேருக்கு வான்தாக்குதல், ஏழு பேருக்கு ஹெலிகாப்டர். 55 லெவல் ஏற வேண்டும். ஏறி முடித்ததும் பிரெஸ்டீஜ் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம்.

இங்கே ஆளாளுக்கு வேறு ஆயுதம் இருப்பது அநியாயமாகத் தெரியாது. யார் கையில் எது இருந்தாலும் முதலில் பார்த்தால் கொன்றுவிடலாம். ஆயுத வேறுபாடு அங்கே அவரவர் ருசி. ஹேலோவில் அதே வேறுபாடு ஒருவருக்கு மேடும் மற்றவருக்குப் பள்ளமுமாகிவிடும். இந்த ஒரு புள்ளியை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

இந்தக் கணக்கில் கடன் முதலில் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கால் ஆஃப் டூட்டியின் முதல் பாகத்தில், 2003-இல், அடிபட்டால் மருத்துவப் பெட்டியைத் தேடி ஓட வேண்டும். 2005-இல் வந்த இரண்டாம் பாகத்தில் சற்று ஒதுங்கி நின்றாலே உடம்பு தேறிவிடும். சற்று ஒதுங்கி நின்றால் மீண்டு வரும் பாதுகாப்பு என்பதை ஷூட்டர்களில் பிரபலமாக்கியது ஹேலோவின் ஷீல்டு. இரண்டு துப்பாக்கிக்கு மேல் தூக்க முடியாது, கிரனேடுக்கும் கைகலப்புக்கும் தனித்தனிப் பொத்தான் என்பவையும் ஹேலோ நிலைநிறுத்திய பழக்கங்கள். நண்பர்கள் ஒரு பார்ட்டியாகச் சேர்ந்து, சர்வர் பட்டியலைத் துழாவாமல், ஒரே பொத்தானில் எதிரிகளைத் தேடும் மேட்ச்மேக்கிங்கைக் கன்சோலில் ஊன்றியது 2004-இன் ஹேலோ 2. அது இல்லாமல் மாடர்ன் வார்ஃபேரின் ஆன்லைன் வெற்றியை நினைத்தே பார்க்க முடியாது. கால் ஆஃப் டூட்டியின் லெவலும் அன்லாக்கும்கூட புதிதாக முளைத்தவை அல்ல. 2005-இன் பேட்டில்ஃபீல்டு 2-இல் பதவி உயர்வும் அதற்கேற்ற ஆயுதமும் இருந்தன. ஆட்டம் தொடங்கும் முன் அவரவர் விருப்பத்துக்கு ஆயுதம் வாங்குவதை நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் கவுன்ட்டர் ஸ்டிரைக் ஆடிய எல்லோரும் அறிவார்கள்.

சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்பதில்லை. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் தெளிவாகவே சொல்கிறது: ஒரு விளையாட்டின் யோசனைக்கோ ஆடும் முறைக்கோ பதிப்புரிமை கிடையாது. ஓவியம், இசை, நிரல், கதாபாத்திரம் ஆகியவற்றுக்கு உண்டு. ஸ்பிரிண்டுக்கும் லோட்அவுட்டுக்கும் (ஆட்டத்துக்கு முன் அவரவர் தேர்ந்தெடுக்கும் ஆயுதத் தொகுப்பு) பதிப்புரிமையைச் சொல்லி யாரும் பட்டா போட முடியாது. அது நல்லதும்கூட. இல்லையென்றால் 1993-இன் டூமோடு இந்த வகை விளையாட்டே நின்றுபோயிருக்கும்.

இப்போது ஹேலோ 4 எடுத்தவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கால் ஆஃப் டூட்டியின் பெர்க்குகளுக்கு நேராக இங்கே டாக்டிக்கல் பேக்கேஜ், சப்போர்ட் அப்கிரேட் என்று இரண்டு அடுக்கு. மொபிலிட்டி எடுத்தால் நிறுத்தாமல் ஓடலாம். டெக்ஸ்டெரிட்டி எடுத்தால் சீக்கிரம் ரீலோட் ஆகும். ஃபயர்பவர் எடுத்தால் இரண்டு பெரிய துப்பாக்கி. கிரனேடியர் எடுத்தால் கூடுதல் கிரனேடு. நான்குக்கும் மாடர்ன் வார்ஃபேரில் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் பெர்க்கைக் காட்டிவிடலாம். கில்ஸ்ட்ரீக்குக்கு (சாகாமல் அடுத்தடுத்துக் கொன்றால் கிடைக்கும் பரிசு) நேராக பர்சனல் ஆர்டினன்ஸ்: புள்ளி சேர்ந்தால் மூன்று ஆயுதங்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். லெவல் 130 வரை. புதிய ஆயுதங்களை லெவல் ஏறித்தான் திறக்க வேண்டும். செத்தவுடன் பொத்தானை அழுத்தி உடனே திரும்பி வரலாம். பாதி நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்துக்குள் புதிய ஆளைச் சேர்ப்பார்கள். இவ்வளவும் ஒரே பாகத்தில் தற்செயலாகச் சேர்ந்தது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

ஏன் செய்தார்கள்? காசுக் கணக்கைப் பார்த்தால் அவர்கள் பயம் புரியும். 2011-இல் மாடர்ன் வார்ஃபேர் 3 முதல் 24 மணி நேரத்தில் 40 கோடி டாலருக்கு விற்றது. ஹேலோ 4-இன் முதல் நாள் வசூல் 22 கோடி டாலர். அந்தத் தொடருக்கு அதுவே சாதனைதான். ஆனால் சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 13 அன்று, கால் ஆஃப் டூட்டியின் பிளாக் ஆப்ஸ் 2 வந்து முதல் நாளிலேயே 50 கோடி டாலரைத் தொட்டது. அதுவும், ஹேலோவைத் தொடங்கிய பங்கி நிறுவனம் 2007-இல் மைக்ரோசாஃப்டிலிருந்து பிரிந்துபோய்விட்டது. தொடரைப் பார்த்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் அமைத்த 343 இண்டஸ்ட்ரீஸுக்கு ஹேலோ 4-தான் சொந்தமாக உருவாக்கிய முதல் பெரிய பாகம். எதிரே பெருங்கூட்டம் வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது, அந்தக் கூட்டத்துக்குப் பழகிய பொத்தான்களை நம் வீட்டிலும் வைத்தால் நாலு பேராவது உள்ளே வருவார்கள் என்று நினைப்பது மனித இயல்பு. அவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது நியாயமே இல்லை. கதையிலும் இதற்கு இடம் செய்தார்கள். மல்டிபிளேயர் சண்டையெல்லாம் இன்ஃபினிட்டி என்ற கப்பலுக்குள் வீரர்களுக்கு நடக்கும் பயிற்சி என்று வைத்து, அதற்கு வார் கேம்ஸ் என்று பெயரிட்டார்கள்.

பழியை 343 மேல் மட்டும் போடுகிறவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. கதவை முதலில் திறந்தது பங்கி. 2010 செப்டம்பரில் வந்த ஹேலோ: ரீச்சில்தான் லோட்அவுட் என்ற சொல்லே ஹேலோவுக்குள் நுழைந்தது. ஜெட்பேக், ஸ்பிரிண்ட், ஆர்மர் லாக் எல்லாம் அங்கே தேர்ந்தெடுத்து எடுத்துக்கொள்ளும் திறன்கள். என்றாலும் அங்கே ஒரு வரம்பு இருந்தது. எந்த லோட்அவுட்டுகள் இருக்க வேண்டும் என்பதை ஆட்ட முறையே தீர்மானித்தது. ஒரே பட்டியல்தான் எல்லோர் முன்னாலும் இருக்கும். நேற்று வந்தவருக்கும் ஆயிரம் ஆட்டம் ஆடியவருக்கும் அதில் வித்தியாசமில்லை. ஹேலோ 4 அந்த வரம்பையும் எடுத்துவிட்டது.

எடுத்ததும் என்ன ஆனது? என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட அதிகம் கெடுத்தது ஆர்டினன்ஸ்தான். ராக்கெட் லாஞ்சர் ஒரு இடத்தில் ஒரு நேரத்தில் வரும் என்றால், அந்த இடத்துக்கு மதிப்பு உண்டு. அந்த நேரத்துக்கும் மதிப்பு உண்டு. மேப்பைத் தெரிந்துவைத்திருப்பவருக்குப் பலன் உண்டு. அதே ராக்கெட் யாரோ ஒருவர் காலடியில், அவர் நின்ற மூலையிலேயே வந்து விழும் என்றால், மேப்பில் எந்த இடத்துக்கும் மதிப்பில்லை. எதை நோக்கி ஓடுவது? எதைக் காப்பது? அடுத்த மூலையில் வருகிறவர் கையில் என்ன இருக்கும் என்பதை ஊகிக்கக்கூட வழியில்லை. மூன்று தேர்வுகளும் ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒருவருக்கு அருமையான ஆயுதமும் இன்னொருவருக்கு நாலு கிரனேடும் கிடைக்கும். கால் ஆஃப் டூட்டியில்கூட இந்தக் குலுக்கல் அடிப்படையில் கிடையாது. அங்கே எத்தனை பேருக்கு எது என்பது முன்பே தெரியும்.

அடுத்தது லோட்அவுட். பிளாஸ்மா பிஸ்டல் என்று ஒரு ஆயுதம் உண்டு. முழுதாகச் சார்ஜ் செய்து சுட்டால் ஷீல்டு ஒரேயடியாகப் போய்விடும், வண்டிகள் ஸ்தம்பித்து நிற்கும். முந்தைய பாகங்களில் பெரும்பாலும் அதை மேப்பில் தேடி எடுக்க வேண்டும். ஹேலோ 4-இல் அது பிறக்கும்போதே இடுப்பில். அந்தப் பக்கம் டாங்கி ஓட்டி வருகிறவர் என்ன செய்வார்? எதிரே நிற்கும் ஒவ்வொருவர் கையிலும் அது இருக்கலாம். போல்ட்ஷாட் இன்னொன்று. சின்னக் கைத்துப்பாக்கிதான், ஆனால் சார்ஜ் செய்து பக்கத்தில் சுட்டால் ஷாட்கன் மாதிரி ஒரே அடியில் ஆளை முடித்துவிடும். சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும் பிரமீத்தியன் விஷனைப் போட்டுக்கொண்டு, மூலையில் போல்ட்ஷாட்டோடு காத்திருந்தால் போதும். முன்னேறி வருகிறவர் சாவார், பதுங்கியவர் பிழைப்பார். ஓடியாடித் துள்ளி ஆடும் ஒரு விளையாட்டுக்கு இதைவிடக் கெடுதல் எனக்குத் தெரியவில்லை.

ஸ்பிரிண்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் இளக்கமானவன். ஓடுவது சந்தோஷமான விஷயம். ஆனால் அதற்கும் விலை உண்டு. தவறான இடத்தில் போய் மாட்டிக்கொண்டவர், ஷீல்டு உடைந்ததும் சட்டென்று ஓடித் தப்பிவிடலாம். தவறுக்குத் தண்டனை குறைகிறது. எல்லோரும் ஓடுவதால் மேப்புகளையும் பெரிதாக்க வேண்டியிருக்கிறது. பெரிதாக்கியதும் ஓடாமல் இருக்க முடிவதில்லை. கடைசியில், ஓடுவதால் மிச்சமான நேரம் அந்தக் கூடுதல் தூரத்திலேயே போய்விடுகிறது. செத்ததும் உடனே திரும்பி வரும் உடனடி ரீஸ்பானும் அப்படியே. நாலு பேரில் இரண்டு பேரை வீழ்த்திவிட்டால், அவர்கள் திரும்பி வரும் சில நொடிகளுக்குள் மேப்பின் நல்ல இடத்தைப் பிடித்துவிடலாம் என்பது ஹேலோ அணிகளின் அரிச்சுவடி. அந்தச் சில நொடிகள் இல்லையென்றால், கொன்றதற்கு ஒரு புள்ளியைத் தவிர வேறெதுவும் கையில் மிஞ்சாது.

கொடி ஆட்டத்தில் செய்த மாற்றத்தை வைத்துப் பார்த்தால் காப்பி என்ற சொல்லே போதாது என்று தோன்றுகிறது. முன்பு கொடியைத் தூக்கியவர், ஆபத்து வந்தால் கீழே போட்டுவிட்டுத் துப்பாக்கி எடுத்துச் சண்டை போடலாம். ஹேலோ 4 வெளியானபோது கொடியைத் தொட்டால் தானாகக் கையில் ஒட்டிக்கொள்ளும், சாகும்வரை கீழே போட முடியாது. பதிலுக்கு ஒரு கைத்துப்பாக்கி கொடுத்தார்கள். இது கால் ஆஃப் டூட்டியிலிருந்து வந்ததல்ல. புதியவர்களுக்கு எளிதாக்க வேண்டும் என்ற நினைப்பிலிருந்து வந்தது. மற்ற மாற்றங்களுக்கும் வேர் அதே நினைப்புதான். ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய சின்னச் சின்ன முடிவுகளை விளையாட்டே எடுத்துக்கொண்டது.

ஹேலோ 2, ஹேலோ 3 ஆடியவர்கள் 1 முதல் 50 வரையிலான திறன் எண்ணைப் பதக்கம்போல் சுமந்தவர்கள். ஹேலோ 4 வெளியானபோது கண்ணுக்குத் தெரியும்படி அப்படி எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் ஆடினோம் என்பதைக் காட்டும் எண் மட்டும் இருந்தது. 2013 ஏப்ரலில் திறன் எண் திரும்ப வந்தபோது அதைப் பார்க்க இணையதளத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதற்குள் ஆட்டக்காரர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். லோட்அவுட் இல்லாத பழைய பாணி ஆட்டத்தைப் பிற்பாடு சேர்த்தார்கள், துப்பாக்கிகளின் பலத்தைத் திருத்தினார்கள். கால் ஆஃப் டூட்டி பிடித்தவர்களுக்கு பிளாக் ஆப்ஸ் 2 இருந்தது, அது அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்தது. ஹேலோ பிடித்தவர்களுக்குப் போக இடமில்லை.

இவ்வளவு சொன்னபின்னும், ஹேலோ 4-ஐ வெறும் நகல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஷீல்டு இருந்தது, காற்றில் மிதக்கும் அந்தக் குதி இருந்தது, வார்ட்ஹாக் வண்டி பாறையில் மோதிக் கவிழ்ந்தது, மேப்புகளை நாமே அடுக்கிக் கட்டும் ஃபோர்ஜ் இருந்தது. இவற்றில் எதுவும் எதிராளியிடம் கிடையாது. நண்பர்களோடு பெரிய மேப்பில் ஆடிய சில இரவுகள் எனக்கு இன்னும் பசுமையாக இருக்கின்றன.

2015 அக்டோபரில் ஹேலோ 5 வந்தது. அதன் அரினா ஆட்டத்தில் லோட்அவுட்டை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் மீண்டும் சமமான தொடக்கத்தைக் கொடுத்தார்கள். ஆயுதங்கள் மேப்புக்குத் திரும்பின. ஸ்பிரிண்டுக்கும் கடிவாளம் போட்டார்கள்: ஓடிக்கொண்டிருந்தால் ஷீல்டு தேறாது. ஆனால் அந்தப் பாகமும் அக்கம்பக்கத்தைப் பார்க்கத் தவறவில்லை. 2014-இல் டைட்டன்ஃபால் என்ற விளையாட்டும் கால் ஆஃப் டூட்டியின் அட்வான்ஸ்டு வார்ஃபேரும் பறப்பதையும் தாவுவதையும் பிரபலமாக்கியிருந்தன. ஹேலோ 5-இல் காற்றில் சட்டென்று நகரவும் விளிம்பைப் பிடித்து ஏறவும் முடிந்தது. அவை எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைத்ததால், பழைய சமநிலை குலையவில்லை.

2021 நவம்பர் 15 அன்று ஹேலோ இன்ஃபினிட்டின் மல்டிபிளேயர் இலவசமாக வெளிவந்தது. சாதாரண ஆட்டத்தில் எல்லோர் கையிலும் ஒரே அசால்ட் ரைஃபிள், ஒரே கைத்துப்பாக்கி. ஸ்பிரிண்ட் இன்னும் இருக்கிறது, ஆனால் நடைக்கும் ஓட்டத்துக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசமில்லை. கயிறு வீசிச் சுவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு பறக்க உதவும் கிராப்பிள்ஷாட், 2010-ஆக இருந்திருந்தால் லோட்அவுட்டில் ஒரு வரியாகப் போயிருக்கும். இங்கே அது மேப்பில் ஓரிடத்தில் இருக்கிறது. முதலில் போய்ச் சேர்பவருக்கு அது கிடைக்கும். சில முறை பயன்படுத்தினால் தீர்ந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி வரும். அந்த நேரத்தை மனதுக்குள் எண்ணிக்கொண்டே எட்டுப் பேரும் அங்கே நகர ஆரம்பிக்கிறார்கள்.